நூறடி ரோட்டில் நமக்கு எத்தனை அடி?

(இரண்டாம் ஆண்டு, அமைப்பியல் துறை)

வடபழனியில் யாரிடம் வேண்டுமானாலும் வழி கேட்டுப் பாருங்கள். "நேரா நூறடி ரோட்டுக்கு வந்துடுங்க" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அரசாங்கக் காகிதத்தில் அதற்கு ஜவஹர்லால் நேரு சாலை என்றும் உள்வட்டச் சாலை என்றும் பெயர்கள் உண்டு. ஆனால் ஜனங்கள் வாயில் அது நூறடி ரோடுதான். அகலத்தையே பெயராக வைத்துக்கொண்ட ரோடு! அந்தப் பெருமை அதற்கு இருக்கட்டும். அந்த நூறு அடியில் நடந்து போகிறவர்களுக்கு எத்தனை அடி என்று யாராவது கேட்டதுண்டா?

பிளாட்பாரம் என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அதில் மின்சாரப் பெட்டிக்கு ஒரு பங்கு, விளம்பரப் பலகைக்கு ஒரு பங்கு, கடைக்காரர் போட்ட சாய்தளத்துக்கு ஒரு பங்கு, நிறுத்தி வைத்த டூவீலருக்கு ஒரு பங்கு. இவ்வளவும் போக மிச்சம்தான் நமக்கு. சில இடத்தில் நான்கு அடி கிடைக்கும். சில இடத்தில் இரண்டு அடி. சில இடத்தில் ரோட்டில் இறங்கித்தான் நடக்க வேண்டும். அங்கே நமக்குக் கிடைப்பது வேறு விதமான அடி!

இதைச் சிரிப்புக்காகச் சொல்லவில்லை நண்பர்களே. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட கணக்கின்படி, 2022-ஆம் ஆண்டில் நம் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் நடந்து போனவர்கள் மட்டும் 32,825 பேர். அதாவது ஒரு நாளைக்கு ஏறக்குறைய 90 பேர். ஒன்றரை பஸ் நிறைய ஜனங்கள் தினமும் நடந்து போன பாவத்துக்கு உயிரை விடுகிறார்கள். இரு சக்கர வண்டியில் போய் இறந்தவர்கள் 74,897 பேர். இரண்டையும் கூட்டினால் நூற்றுக்கு 64 பேர். அதே ஆண்டில் விபத்துகளின் எண்ணிக்கையில் இந்தியாவிலேயே முதலிடம் நம் தமிழ்நாட்டுக்கு: 64,105 விபத்துகள். எதிலெல்லாமோ முதலிடம் வாங்குகிறோம். இதிலுமா வாங்க வேண்டும்?

"ரோட்டைப் பார்த்து நடக்கணும்பா, விதி வந்தா யாரால தடுக்க முடியும்?" என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். விதி இல்லைங்க, இது வடிவமைப்பு. ரோடு யாருக்காக வரையப்பட்டதோ அவர்களுக்கு அது வழி விடும். மற்றவர்களை ஓரம் தள்ளும். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவதும் இது ஒன்றுதான்: நாம் எதை எண்ணுகிறோமோ அதற்காகத்தான் ஊரைக் கட்டுகிறோம். இதுவரை வண்டிகளை எண்ணினோம். இனி மனிதர்களை எண்ண வேண்டும்.

அட்டவணையில் இல்லாத அம்மா

நெடுஞ்சாலைப் பாடம் படித்த சிவில் மாணவர்களுக்கு "பி.சி.யு." என்ற மூன்று எழுத்து தெரிந்திருக்கும். பாசஞ்சர் கார் யூனிட். மற்ற துறை நண்பர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். ஒரு ரோட்டில் கார், பஸ், லாரி, சைக்கிள் எல்லாம் கலந்து போகும். அவற்றை ஒரே கணக்கில் கொண்டு வர ஓர் அளவுகோல் வேண்டும் அல்லவா? அரிசியைப் படியால் அளக்கிற மாதிரி, ரோட்டைக் காரால் அளக்கிறார்கள். கார் என்றால் 1. மற்ற எல்லாமே காரோடு ஒப்பிட்டுத்தான்.

இந்தியச் சாலைகள் காங்கிரஸ், அதாவது ஐ.ஆர்.சி., நகரச் சாலைகளுக்காக 1990-ல் வெளியிட்ட 106-ஆம் எண் வழிகாட்டியில் அந்த அட்டவணை இருக்கிறது. டூவீலருக்கு 0.5 முதல் 0.75 வரை. ஆட்டோவுக்கு 1.2 முதல் 2 வரை. பஸ்ஸுக்கு 2.2 முதல் 3.7 வரை. சைக்கிளுக்கு 0.4 முதல் 0.5 வரை. கை வண்டிக்கு 2 முதல் 3 வரை. குதிரை வண்டிக்குக் கூட ஓர் எண் உண்டு.

நடந்து போகிறவருக்கு? எண்ணே கிடையாது.

யோசித்துப் பாருங்கள். விடியற்காலையில் நாலு தெரு நடந்து, நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டு, திரும்பவும் நடந்து வருகிற ஒரு அம்மாவுக்கு அந்த அட்டவணையில் இடமில்லை. அதே அம்மா ஒரு கை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தால் உடனே இரண்டு மூன்று கார்களுக்குச் சமமாகிவிடுகிறார்! ஏன்? அந்த எண் அவருடைய மதிப்பைச் சொல்லும் எண் அல்ல. காருக்கு அவர் எவ்வளவு இடைஞ்சல் என்று சொல்லும் எண். இடைஞ்சல் செய்யாமல் ஓரமாக நடந்தால் அவர் இல்லாத ஆள்.

ஐ.ஆர்.சி.யைக் குறை சொல்வது என் நோக்கம் அல்ல. ரோட்டில் வண்டி எவ்வளவு கொள்ளும் என்று பார்க்க அந்த அட்டவணை தேவைதான். அந்த ஒரே அளவுகோலை வைத்து ஊர் முழுவதையும் தீர்மானிப்பதுதான் தப்பு. பஸ்ஸில் 60 பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பஸ்ஸுக்கு அதிகபட்சமான 3.7-ஐயே போட்டாலும் ஒரு யூனிட்டுக்கு 16 பேர் வருகிறது. காரில் இரண்டு பேர் போனால் யூனிட்டுக்கு 2 பேர்தான். எட்டு மடங்கு வித்தியாசம்! ஆனால் சிக்னலில் இரண்டும் ஒன்றாகத்தானே நிற்கின்றன? 60 பேரைச் சுமந்த பஸ், இரண்டு பேரைச் சுமந்த காருக்குப் பின்னால் காத்துக் கிடக்கிறது. வண்டியை எண்ணினால் இது நியாயமாகத் தெரியும். ஆளை எண்ணினால் அநியாயம் புரியும்.

ரயிலை நம்பிப் பிறந்த ஊர்

"மெட்ராஸ்னா எப்பவுமே டிராபிக்தாம்பா" என்று அலுத்துக்கொள்கிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். இந்த நகரம் காரை நம்பி வளர்ந்த நகரம் அல்ல. 1895-லேயே இங்கே மின்சார டிராம் ஓடியது. 1953-ல் அதை நிறுத்திவிட்டார்கள்.

நமக்குப் பக்கத்தில் இருக்கும் தி.நகரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1920-ல் நகரமைப்புச் சட்டம் வந்த பிறகு, மாம்பலம் ஏரியின் ஒரு பகுதியைத் தூர்த்து 1923 வாக்கில் அமைக்கத் தொடங்கிய புறநகர் அது. (ஏரியைத் தூர்த்தது சரியா என்று மழைக்காலத்தில் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம்.) நடுவே பனகல் பூங்கா, அங்கிருந்து பிரியும் தெருக்கள், நடந்து போகும் தூரத்தில் மாம்பலம் ரயில் நிலையம். 1931-ல் பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓட ஆரம்பித்ததும், கார் இல்லாத குமாஸ்தாவும் புறநகரில் குடியிருந்துகொண்டு கோட்டைப் பக்கம் வேலைக்குப் போய் வர முடிந்தது. அன்றைக்குப் புறநகர் என்றால் ரயிலடிக்குப் பக்கம் என்று அர்த்தம்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். கே.கே.நகரைப் பாருங்கள். வீட்டு வசதி வாரியம் அமைத்த பகுதி. குடியிருப்புகளுக்கு நடுவிலேயே பள்ளிக்கூடம், பூங்கா, கடைத்தெரு, ஆஸ்பத்திரி, பஸ் நிலையம். அங்கே இருக்கும் ஒரு தாத்தா பால் வாங்கவும், பென்ஷன் விஷயமாகப் பேங்குக்குப் போகவும், பேரனைப் பள்ளியில் விடவும் வண்டி எடுக்க வேண்டியதில்லை. இன்றைக்கு அங்கேயும் தெருவின் இரண்டு பக்கமும் கார்கள் வரிசை கட்டி நிற்கின்றன, உண்மைதான். ஆனாலும் அந்த ஊரின் எலும்புக்கூடு மனிதனுடைய காலடியை அளந்து போட்டது.

இன்னும் பின்னால் போனால் நம் கோயில் வீதிகள் இருக்கின்றன. மயிலாப்பூர் மாட வீதிகளில் அறுபத்து மூவர் விழா அன்று கால் வைக்க இடம் இருக்காது. நம் வடபழனி முருகன் கோயிலில் தைப்பூசத்துக்கும் ஆடிக் கிருத்திகைக்கும் காவடி வரும்போது தெரு முழுக்க ஜனங்கள்தான். அன்றைக்கு வண்டிகள் சுற்றிக்கொண்டு போகின்றன. யாரும் குறை சொல்வதில்லை. சாமிக்காக ஒரு நாள் முடிகிறது என்றால், ஆசாமிக்காக மற்ற நாட்களில் கொஞ்சமாவது முடியாதா?

காரை நம்பிப் பிறந்த ஊர்

இப்போது எழும்புகிற புறநகர்களைப் பார்ப்போம். தரமணியில் 2000-ல் டைடல் பூங்கா வந்தது. 2008-ல் பழைய மகாபலிபுரம் சாலை ஆறு வழிச் சாலையாகத் திறக்கப்பட்டது. அதன் இரண்டு பக்கமும் சோழிங்கநல்லூர், நாவலூர், சிறுசேரி என்று அடுக்கு மாடிகள் எழுந்தன. அந்த வழியே போகும் பாதையையும் சேர்த்து, மெட்ரோ ரயில் இரண்டாம் கட்டத்துக்கு அடிக்கல் நாட்டியது 2020 நவம்பரில். தி.நகரில் ரயில் இருந்த இடத்தில் வீடு வந்தது. இங்கே முதலில் வீடு, அப்புறம் ஆறு வழி ரோடு முழுக்கக் கார், கடைசியில்தான் ரயில்.

வீட்டு மனை விளம்பரங்களைக் கவனித்திருக்கிறீர்களா? "ஏர்போர்ட்டிலிருந்து 20 நிமிடம்! ஐ.டி. பார்க்கிலிருந்து 10 நிமிடம்!" என்று போடுவார்கள். கிலோமீட்டர் போட மாட்டார்கள். அந்த நிமிடம் எந்த வண்டியின் நிமிடம்? கார் நிமிடம். அதுவும் காலியான ரோட்டில் போகிற காரின் நிமிடம். பஸ்ஸுக்குக் காத்திருந்து, இறங்கி, வெயிலில் உள்ளே ஒன்றரைக் கிலோமீட்டர் நடக்கிறவருக்கு அந்தக் கடிகாரம் பொருந்தாது. சுற்றிலும் மதில், ஒரே கேட், கேட்டுக்கு வெளியே பிளாட்பாரம் இல்லாத ரோடு. ஒரு தேங்காய் வாங்க வேண்டும் என்றாலும் சாவியைத் தேட வேண்டியதுதான். உள்ளே இருக்கிறவர்கள் மேலும் தப்பில்லை. ஊரை அப்படிக் கட்டிக் கொடுத்தால் அவர்கள்தான் என்ன செய்வார்கள்?

அவர்களுக்காவது கார் இருக்கிறது. அதே சாலைக்குப் பக்கத்தில் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று மறுகுடியமர்வுக் குடியிருப்புகள் இருக்கின்றன. நகரத்தின் நடுவே ஆற்றோரங்களில் இருந்த குடும்பங்களை அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகும் அடையாறு, கூவம் கரைகளிலிருந்து பல குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்குப் போனார்கள். மேலே கான்கிரீட் கூரை கிடைத்தது. ஆனால் வேலை பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. வீட்டு வேலை செய்த அம்மாக்கள், பூக்கட்டி விற்றவர்கள், சித்தாள் வேலைக்குப் போனவர்கள் எல்லோருக்கும் நடக்கிற தூரத்தில் இருந்த பிழைப்பு, இரண்டு பஸ் மாறிப் போகிற தூரமாகிவிட்டது. அந்த அலைச்சலிலேயே வேலையை விட்டவர்கள் பலர். கார் வைத்திருப்பவனுக்கான தூரத்தில், கார் வாங்கவே முடியாதவர்களுக்கு வீடு! இதைவிடப் பெரிய கணக்குப் பிழை உண்டா?

இன்னொரு உதாரணம் நமக்கு நன்றாகத் தெரிந்தது. 2002-ல் கோயம்பேடு பஸ் நிலையம் வந்தபோது வடபழனிக்காரர்களுக்கு ஊருக்குப் போவது சுலபமானது. தீபாவளி, பொங்கல் என்றால் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரு டவுன் பஸ் பிடித்தால் போதும். தென் மாவட்ட பஸ்களுக்காகக் கிளாம்பாக்கத்தில் 88 ஏக்கரில் புது நிலையம் 2023 டிசம்பர் 30-ல் திறக்கப்பட்டது. கட்டடம் பிரமாதமானது, மறுக்கவில்லை. ஆனால் திறந்த அன்றைக்கு அதன் வாசலில் ரயில் நிலையமும் இல்லை, ஜி.எஸ்.டி. ரோட்டைத் தாண்ட நடைமேம்பாலமும் இல்லை. பஸ் எங்கே நிற்கும் என்று யோசித்தவர்கள், பஸ்ஸில் ஏறப் போகிறவர் எப்படி அங்கே வந்து சேருவார் என்பதைப் பின்னால் யோசித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள்.

"வண்டி வாங்குறது தப்பா?"

இதையெல்லாம் வகுப்பில் பேசினால் நண்பர்கள் சண்டைக்கு வருகிறார்கள். "ஏன்டா, நாம இப்பதான் தலையெடுக்கறோம். பணக்காரன் அம்பது வருஷமா கார்ல போனான். நாம ஒரு பைக் வாங்கலாம்னு பார்த்தா நடந்து போன்னு சொல்றியே?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்லாமல் மேலே போக முடியாது.

வண்டி வாங்குவது தப்பே இல்லை. ஆசைப்பட்டு வாங்குவது வேறு, வேறு வழியில்லாமல் வாங்குவது வேறு. நம்மில் பலருக்கு வேலை கிடைக்கப் போவது ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், சிறுசேரி மாதிரி இடங்களில். இன்டர்வியூவில் தேர்வானதும் வரும் அடுத்த கேள்வி, "டூவீலர் இருக்காப்பா?" முதல் சம்பளத்தில் அம்மாவுக்குப் புடவை எடுப்பதற்கு முன்பே முதல் தவணை கட்ட வேண்டியிருக்கிறது. பிறகு பெட்ரோல், இன்சூரன்ஸ், சர்வீஸ். கையில் வருகிற சம்பளத்தில் ஒரு பங்கை வேலைக்குப் போவதற்காகவே செலவு செய்கிறோம். இதைத் தலையெடுப்பது என்று எப்படிச் சொல்வது? மேலே சொன்ன 74,897 பேரில் நம் வயதுக்காரர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

"ரோட்டை இன்னும் அகலமாக்கினால் போதுமே" என்கிறவர்களுக்கு நம் வடபழனி முனையே பதில். ஆற்காடு ரோடும் நூறடி ரோடும் சந்திக்கும் இடத்தில் 2015-ல் மெட்ரோ ஓட ஆரம்பித்தது. 2017-ல் மேம்பாலம் திறந்தார்கள். தரையில் ரோடு, அதன் மேல் பாலம், அதற்கும் மேல் ரயில். மூன்று அடுக்கு! அப்புறம் நெரிசல் தீர்ந்துவிட்டதா? பாலத்தில் மிச்சமான நிமிடங்களை அடுத்த சிக்னலில் கொடுத்துவிடுகிறோம். தரையில் இருக்கிறவர் குறுக்கே கடப்பது மட்டும் அப்படியே கஷ்டமாக இருக்கிறது.

அந்தக் கடக்கும் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். நூறு அடி என்றால் 30.5 மீட்டர். ஒரு வினாடிக்கு 1.2 மீட்டர் என்ற வழக்கமான நடை வேகத்தில் 25 வினாடி ஆகும். முழங்கால் வலியோடு 0.8 மீட்டர் வேகத்தில் நடக்கும் பாட்டிக்கு 38 வினாடி. நடுவில் அந்த 13 வினாடிக்கு பாட்டி என்ன செய்வார்? ஓட முடியுமா? "நடைமேம்பாலத்தில் ஏறிப் போகட்டும்" என்பார்கள். இன்ஜின் இருக்கிறவர் தரையில் போகிறார், முழங்கால் வலிக்கிறவர் படி ஏறுகிறார். இது என்ன நியாயம்?

இன்னொரு கணக்கு. ஒரு கார் நிறுத்த இரண்டரை மீட்டருக்கு ஐந்து மீட்டர் இடம் வேண்டும். சுமார் 134 சதுர அடி. இந்தப் பக்கத்துச் சந்துகளில் அந்த அளவு அறையில் நான்கு பேர் குடும்பம் நடத்துகிறார்கள். மாதம் பிறந்தால் வாடகை, அட்வான்ஸ் தனி. தெருவில் ராத்திரி முழுக்க நிற்கும் காருக்கு வாடகை இல்லை. மனிதன் படுத்தால் காசு, கார் படுத்தால் இலவசம்!

காகிதத்தில் எல்லாம் இருக்கிறது

வேடிக்கை என்னவென்றால், நான் சொல்வது எதுவும் புதிது அல்ல. 2006-ல் வந்த தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கையே, வண்டிகள் போவதைவிட மனிதர்கள் போவதுதான் முக்கியம் என்கிறது. 2012-ல் வந்த ஐ.ஆர்.சி.யின் 103-ஆம் எண் வழிகாட்டி முழுக்க முழுக்க நடப்பவர்களுக்கானது. குடியிருப்புப் பகுதியில் கூட 1.8 மீட்டர் தடையில்லாத நடைபாதை வேண்டும், ஓரக்கல் 15 செ.மீ.க்கு மேல் உயரக் கூடாது என்று அதில் எழுதியிருக்கிறது. நம் மாநகராட்சி 2014-ல் மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கு என்றே தனிக் கொள்கை கொண்டு வந்தது. போக்குவரத்துக்கான பணத்தில் 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும், 2018-க்குள் 80 சதவீதத் தெருக்களில் நடைபாதை என்று அதில் இலக்கு வைத்தார்கள். 2018 வந்தது, போனது. உங்கள் தெருவில் நடைபாதை வந்ததா?

செய்தால் முடியும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் நடைபாதை வளாகம் திறந்தார்கள். கார் நிற்க இடமில்லை என்றால் வியாபாரம் படுத்துவிடும் என்று பயந்தவர்கள் உண்டு. இன்று சாயங்காலம் போய்ப் பாருங்கள். குழந்தைகள் ஓடுகிறார்கள், வயதானவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து கதை பேசுகிறார்கள், கடைகளில் கூட்டம் இருக்கிறது. ஆனால் இதில் ஒன்றைச் சொல்லாமல் விடக் கூடாது. அந்தத் தெருவில் பல காலம் கடை போட்டிருந்த நடைபாதை வியாபாரிகளை 2013-லேயே தனிக் கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள். மனிதர்களுக்கான தெரு என்றால் வாங்க வருகிறவர் மட்டும்தான் மனிதரா? விற்று வயிறு வளர்க்கிறவரும் மனிதர்தான். தெருவோர வியாபாரிகளுக்கான 2014-ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுக்கும் இடம் ஒதுக்கச் சொல்கிறது. ராத்திரி பத்து மணிக்குத் தெரு பாதுகாப்பாக இருப்பதே இட்லிக் கடை அக்கா விளக்குப் போட்டு உட்கார்ந்திருப்பதால்தான் என்பது நம் ஊர்ப் பெண்களுக்குத் தெரியும்.

இன்னொரு சாட்சி, 2021 மே மாதம் வந்த பெண்களுக்கான கட்டணமில்லாப் பஸ் பயணம். ஒரு அடி ரோட்டைக் கூட அகலப்படுத்தாமல் லட்சக்கணக்கான பெண்களுக்கு இந்த நகரத்தைப் பெரிதாக்கிக் காட்டியது அந்த ஒரு கையெழுத்து. வீட்டு வாசலோடு நின்ற பலர் இப்போது வேலை தேடி இன்னும் இரண்டு ஸ்டாப் தள்ளிப் போகிறார்கள்.

வெளிநாட்டுக் கதையும் ஒன்று. இன்றைக்குச் சைக்கிள் நாடு என்று பெயர் வாங்கிய ஹாலந்து பிறவியிலேயே அப்படி இருக்கவில்லை. அங்கேயும் கார் பெருகி, 1971-ல் மட்டும் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் சாலையில் இறந்தார்கள். அதில் நானூறுக்கும் மேல் குழந்தைகள். பெற்றவர்கள் தெருவுக்கு வந்தார்கள். "குழந்தைகளைக் கொல்வதை நிறுத்து" என்பதையே இயக்கத்தின் பெயராக வைத்துப் போராடினார்கள். அதன் பிறகுதான் தெருக்கள் மாறின. மாற்றம் மேலே இருந்து தானாக இறங்கி வரவில்லை. இறந்தவர்களை எண்ணிச் சொல்ல ஆள் இருந்ததால் வந்தது.

நம் கையில் இருக்கும் டேப்

சரி, பாலிடெக்னிக் மாணவர்கள் நாம் இதில் என்ன செய்ய முடியும்? நிறைய முடியும் என்பது என் கருத்து.

கொள்கை எழுதுகிறவர்கள் டெல்லியிலும் கோட்டையிலும் இருக்கலாம். ஆனால் ரோடு போடும் அன்று வெயிலில் நின்று, "இங்கே ஓரக்கல் வை, இங்கே வெட்டு" என்று சொல்லப் போகிறவர்கள் டிப்ளமோ படித்த நாம்தான். அளவுப் புத்தகத்தில் எழுதப் போவதும் நாம்தான். ஓரக்கல் 15 சென்டிமீட்டரா, 30 சென்டிமீட்டரா என்பது அந்த நேரத்தில் நம் கையில் இருக்கிறது. பாட்டி ஏறுவாரா, இறங்கி ரோட்டிலேயே நடப்பாரா என்பது அந்த 15 சென்டிமீட்டரில் இருக்கிறது.

மாணவர் பேரவைக்கு மூன்று யோசனைகளை முன்வைக்கிறேன்.

ஒன்று: அடுத்த ஆண்டு சர்வே பயிற்சிக்குக் கல்லூரி மைதானத்தையே திரும்பத் திரும்ப அளக்க வேண்டாம். நம் கல்லூரி வாசலிலிருந்து பஸ் ஸ்டாப் வரையும், மெட்ரோ நிலையம் வரையும் உள்ள பாதையை அளப்போம். எங்கே அகலம் எவ்வளவு, எங்கே குழி, எங்கே பெட்டி மறிக்கிறது என்று ஷீட்டில் வரைவோம். மார்க்கும் கிடைக்கும், ஊருக்கும் பயன்படும்.

இரண்டு: வண்டிகளை எண்ணும் பயிற்சியில் ஒரு பத்தி கூடுதலாகப் போடுவோம். வண்டி எத்தனை என்று எழுதும் பத்திக்குப் பக்கத்தில் ஆள் எத்தனை என்று எழுதுவோம். நடந்து போகிறவர்கள், சைக்கிளில் போகிறவர்கள், பஸ்ஸில் நிற்கிறவர்கள் எல்லோரையும் சேர்ப்போம். மின்னணுவியல் நண்பர்கள் எண்ணும் கருவி செய்து தரட்டும். கணினித் துறை நண்பர்கள் வரைபடமாக்கித் தரட்டும்.

மூன்று: அந்த வரைபடத்தை ஆண்டு மலரோடு பீரோவில் பூட்டி வைக்காமல், கோடம்பாக்கம் மண்டல அலுவலகத்திலும் வார்டு உறுப்பினரிடமும் கொடுப்போம். நகரங்களிலும் பகுதி சபைகள் கூட வேண்டும் என்று 2022-ல் விதிகள் வந்திருக்கின்றன. அங்கே போய் நம் ஷீட்டை விரித்துக் காட்டுவோம். கோஷத்துக்குப் பதில் சொல்லாமல் தப்பிக்கலாம், அளவுக்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

என் வீட்டில் யாருக்கும் டிரைவிங் லைசென்ஸ் கிடையாது. அப்பாவும் அம்மாவும் நடந்தும் பஸ்ஸில் நின்றும்தான் என்னை இவ்வளவு தூரம் படிக்க அனுப்பியிருக்கிறார்கள். எங்கள் குடும்பத்தில் வரைபட மேசைக்கு முன்னால் உட்கார்ந்த முதல் ஆள் நான். இந்தக் கல்லூரியில் என்னை மாதிரி எத்தனையோ பேர் இருப்பீர்கள். நடக்கிறவர்கள் வீட்டிலிருந்து ஒரு ஆள் வரைபட மேசைக்கு வந்து சேர இத்தனை காலம் ஆகியிருக்கிறது. வந்த பிறகும் பழைய அட்டவணையையே பார்த்து எழுதினால், நாம் படித்து வந்ததில் நம் ஜனங்களுக்கு என்ன லாபம்?

நாளைக்கு உங்கள் மேசைக்கு ஒரு ரோடு வரைபடம் வரும். கார் போகும் கோட்டை வரைய அவசரப்பட வேண்டாம். முதலில் இரண்டு பக்கமும் ஆறு ஆறு அடி அளந்து, நடக்கிறவர்களுக்கு என்று கோடு போடுங்கள். மிச்சம் இருப்பதை வண்டிகள் பங்கிட்டுக்கொள்ளட்டும். இத்தனை நாளும் மிச்சத்தில் நடந்தது நாம்தானே!